அனுப்பப்பட்ட அதிகாரியை வாசிப்பது எப்படி?

நான் வேலை பார்த்த அலுவலகத்தில், அதிகாரியின் அறைச் சுவரில் ஒரு மரப்பலகை இருந்தது. அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களின் பெயர்கள் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு கட்டங்கள்: 'முதல்', 'வரை'. 31 ஆண்டுகள் சுருக்கெழுத்தராக அந்த அறைக்குள் போய் வந்ததில் 19 பெயர்கள் அதில் ஏறியதைப் பார்த்திருக்கிறேன். கடைசிப் பெயருக்கு எதிரே 'வரை' என்ற கட்டம் மட்டும் எப்போதும் காலியாக இருக்கும். குறிப்பேட்டுடன் காத்திருக்கும் நேரத்தில் என் கண் அந்தக் காலியிடத்தில்தான் போய் நிற்கும்.

ஓய்வு பெற்ற பிறகு சபையில் புதன்கிழமை வேதபாட வகுப்பை நடத்தி வருகிறேன். ரோமத் தேசாதிபதி பிலாத்து இயேசுவைச் சிலுவைக்கு ஒப்புக்கொடுக்கும் யோவான் 19-ஆம் அதிகாரத்துக்கு வந்த வாரம் ஒரு தம்பி கேட்டான்: "அம்மா, பிலாத்து நல்லவனா, கெட்டவனா?" அதற்குப் பதில் தேடும் முன் வேறு நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும் என்றேன். அவை எந்த இறையியல் நூலிலும் நான் படித்தவை அல்ல. அந்தப் பலகையின் கீழே உட்கார்ந்து எழுதிய ஆண்டுகளில் மனத்தில் படிந்தவை. வேதத்தில் வரும் அதிகாரிகளை வாசிப்பதற்கும், இன்று நம்மை ஆளும் அதிகாரிகளுக்கு முன்னால் கிறிஸ்தவராக நிற்பதற்கும் அவை உதவுவதைக் கண்டிருக்கிறேன். எப்படி என்று எழுதுகிறேன்.

தாளைத் தயார் செய்யுங்கள்

ஒரு நீள நோட்டை எடுத்து நான்கு பத்திகளாகக் கோடு போடுங்கள். இவரை அனுப்பியவர் யார்? இவருடைய எல்லை எது? இவரிடம் கணக்குக் கேட்பவர் யார்? இவர் எதற்குப் பயப்படுகிறார்? நான்காவது கேள்வியை மட்டும் கடைசியில் நிரப்புங்கள். முதல் மூன்றும் சரியாக அமைந்துவிட்டால் அதற்கான பதில் தானாக வரும்.

ராஜாவையும் அதிகாரியையும் ஒரே மாதிரி வாசிப்பதுதான் நாம் செய்கிற பெரிய தவறு. ராஜாவுக்குப் பட்டம் பிறப்பால் வருகிறது அல்லது போரால் வருகிறது. அதிகாரிக்கோ ஒரு கடிதத்தால் வருகிறது, இன்னொரு கடிதத்தால் போய்விடுகிறது. பேதுரு இந்த வேறுபாட்டைத் தெளிவாகவே எழுதுகிறார். 1 பேதுரு 2:13, 14 வசனங்களில் ராஜாவை "மேலான அதிகாரமுள்ள" என்கிறார். மற்றவர்களை "அவனால் அனுப்பப்பட்ட அதிகாரிகள்" என்கிறார். 'அனுப்பப்பட்ட' என்ற அந்தச் சொல்லைத் தாளின் தலையில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் பிலாத்து

பிலாத்துவிலிருந்து தொடங்குவது நல்லது. நான்கு சுவிசேஷங்களும் அவனைப் பற்றிப் பேசுகின்றன. வேதத்துக்கு வெளியேயும் சான்றுகள் உண்டு.

யூதேயாவை ஆண்ட ஏரோதின் மகன் அர்கெலாயுவை ரோமப் பேரரசனான அகுஸ்து இராயன் கிபி 6-இல் பதவியிலிருந்து நீக்கி, ரோமிலிருந்து அதிகாரிகளை அனுப்பத் தொடங்கினான். அந்த வரிசையில் கிபி 26-இல் வந்தவன் பிலாத்து. அவனை அனுப்பியவன் அப்போது இராயனாக இருந்த திபேரியு. 1961-இல் கடலோரச் செசரியாவில் தோண்டியபோது பிலாத்துவின் பெயரும் திபேரியுவின் பெயரும் பொறித்த ஒரு கல் கிடைத்தது. உடைந்த கல், எழுத்துகள் பாதி அழிந்திருக்கின்றன. ஆனாலும் யூதேயாவின் 'பிரிபெக்ட்' என்ற அவனுடைய பதவிப்பெயரைப் படிக்க முடிகிறது. தன்னை அனுப்பியவனின் பெயரைச் சொல்லும் ஒரு கட்டடத்தைத் தன் பெயரால் கட்டியிருக்கிறான். முதல் பத்திக்கு அந்தக் கல் ஒன்றே போதும்.

எல்லைப் பத்திக்கு லூக்கா 23-ஐ வாசியுங்கள். இயேசு கலிலேயர் என்று கேள்விப்பட்டதும் பிலாத்து அவரை ஏரோதிடம் அனுப்புகிறான். கலிலேயா அர்கெலாயுவின் சகோதரனான இந்த ஏரோது அந்திப்பாவின் அதிகாரத்துக்கு உட்பட்டது. சிக்கலான கோப்பை 'எங்கள் வரம்புக்குள் வரவில்லை' என்று எழுதி அடுத்த அலுவலகத்துக்குத் தள்ளுவதை நான் எத்தனை முறை தட்டச்சு செய்திருப்பேன்! கோப்பு திரும்பி வந்துவிடும். பிலாத்துவிடமும் திரும்பி வந்தது.

இனி இதே தாளில் பிரதான ஆசாரியன் காய்பாவுக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். இதைப் பலர் கவனிப்பதில்லை. அந்தக் காலத்தில் பிரதான ஆசாரியனையும் ரோம அதிகாரியே நியமித்தான். பிலாத்துவுக்கு முன்னிருந்த வலேரியுஸ் கிராத்துஸ், அன்னாவை நீக்கினான். பிறகு அடுத்தடுத்துச் சிலரை மாற்றிவிட்டுக் கடைசியில் காய்பாவை அமர்த்தினான். பிரதான ஆசாரியன் பண்டிகை நாளில் அணியும் உடைகூட ரோமரின் பொறுப்பில், அந்தோனியா கோட்டையில் பூட்டி வைக்கப்பட்டிருந்தது என்று யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதியிருக்கிறார். ஆக, தேவகுமாரனுக்கு முன்னால் அன்று நின்ற இரண்டு அதிகாரிகளும் நியமனத்தில் வாழ்ந்தவர்கள். ஒருவனுடைய நாற்காலி மற்றவன் கையில் இருந்தது; மற்றவனுடையது இராயன் கையில் இருந்தது.

இந்தப் பின்னணியோடு, யோவான் 19:12-இல் யூதர் பிலாத்துவிடம் சொன்னதைச் சத்தமாக வாசியுங்கள்: "இவனை விடுதலைபண்ணினால் நீர் இராயனுக்குச் சிநேகிதனல்ல." இது நான்காவது பத்தியைக் குறிபார்த்து எறிந்த கல். புகார் ரோமுக்குப் போகும் என்பது வெற்று மிரட்டல் அல்ல. பிலாத்து எருசலேமில் மாட்டிய கேடயங்களைப் பற்றி யூதத் தலைவர்கள் திபேரியுவுக்கு எழுதியதையும், திபேரியு அவனைக் கடிந்துகொண்டு அவற்றைச் செசரியாவுக்கு அகற்றச் சொன்னதையும் அலெக்சாந்திரியாவின் யூத அறிஞர் பிலோ பதிவு செய்திருக்கிறார்.

ஒரு நாள் மாலை எங்கள் அதிகாரி ஒருவர் எனக்கு ஓர் ஆணையைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு விதவையின் வீட்டுமனை பற்றிய கோப்பு. ஆவணங்கள் எல்லாம் அந்த அம்மாள் பக்கம் இருந்தன. ஆணையும் அவருக்குச் சாதகமாகவே போய்க்கொண்டிருந்தது. தொலைபேசி அடித்தது. "ஐயா" என்று சொன்னபடியே அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து நின்றார். பேசியவர் வேறு ஊரில் இருந்தார். இவர் நிற்பது அவருக்குத் தெரியப் போவதில்லை. ஆனாலும் பேச்சு முடியும்வரை நின்றார். இடது கையால் பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். பிறகு உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல், "முதல் பக்கத்தைக் கிழித்துவிடுங்கள்" என்றார். புதிய ஆணையை நான்தான் தட்டச்சு செய்தேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த அம்மாளின் முகம் இன்றும் எனக்கு மறக்கவில்லை. தண்ணீரை அள்ளிக் கை கழுவுகிற பிலாத்துவை வாசிக்கும் போதெல்லாம் எழுந்து நின்ற அந்த மனிதர் எனக்கு நினைவுக்கு வருகிறார். அவர் பக்கத்தில் குறிப்பேட்டுடன் உட்கார்ந்திருந்த என்னையும் சேர்த்தே நினைக்கிறேன்.

பிலாத்துவின் அரண்மனையில் அன்று பயப்படாமல் நின்றவர் ஒருவர்தான். உன்னைச் சிலுவையில் அறையவும் விடுதலை செய்யவும் எனக்கு அதிகாரம் உண்டு என்று பிலாத்து சொல்கிறான். இயேசு சொன்ன பதில்: "பரத்திலிருந்து உமக்குக் கொடுக்கப்படாதிருந்தால், என்மேல் உமக்கு ஒரு அதிகாரமுமிராது." கவனியுங்கள், அவனுக்கு அதிகாரமே இல்லை என்று அவர் சொல்லவில்லை. அது கொடுக்கப்பட்டது என்கிறார். கொடுத்தவர் இராயனுக்கும் மேலே இருக்கிறவர் என்கிறார். அதே மூச்சில் பாவத்தைப் பற்றியும் பேசுகிறார்: "என்னை உம்மிடத்தில் ஒப்புக்கொடுத்தவனுக்கு அதிக பாவமுண்டு." அதிக பாவம் ஒருவனுக்கு என்றால், மற்றவனுக்கும் பாவம் உண்டு என்றுதானே பொருள்? தேவன் கொடுத்த அதிகாரம் என்பதால் செய்ததெல்லாம் சரி என்று ஆகிவிடாது. பிலாத்துவின் தாளில் மூன்றாவது பத்தியில் இரண்டு பெயர்கள் எழுத வேண்டும்: இராயன், தேவன். அவன் முதல் பெயரை மட்டும் பார்த்தான்.

அந்த முதல் பெயரும் அவனைக் காப்பாற்றவில்லை. கெரிசீம் மலையருகே சமாரியர் பலரைக் கொன்ற விவகாரத்தில், சீரியாவில் இருந்த மேலதிகாரி வித்தேலியு கிபி 36-இல் அவனை ரோமுக்குப் போய்ப் பதில் சொல்லும்படி அனுப்பினான். அவன் போய்ச் சேரும் முன்பே திபேரியு இறந்துவிட்டான். காய்பாவையும் அதே வித்தேலியுவே நீக்கினான். பலகையில் இருவருடைய 'வரை' கட்டமும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் நிரம்பியது.

பதவிப்பெயர்களைத் தாண்டிச் செல்லாதீர்கள்

நம் பழைய தமிழ் வேத மொழிபெயர்ப்பில் தேசாதிபதி, அதிபதி, பிரதானி, அதிகாரி என்று பல சொற்கள் வருகின்றன. வேகமாக வாசித்தால் எல்லாம் ஒன்றுபோல் தோன்றும். அப்போஸ்தலர் 13-இல் சீப்புரு தீவின் செர்கியுபவுலும், 18-இல் அகாயாவின் கல்லியோனும் 'அதிபதி' என்று அழைக்கப்படுகிறார்கள். மூலத்தில் இருப்பது 'புரோகான்சல்' என்பதற்கான கிரேக்கச் சொல். அது ரோம ஆட்சிமன்றத்தின் கீழிருந்த மாகாணத்துக்குப் பெரும்பாலும் ஓராண்டுக் காலத்துக்கு அனுப்பப்படும் பதவி. பிற்பாடு யூதேயாவை ஆண்ட பேலிக்ஸுக்கும் பெஸ்துவுக்கும், அப்போஸ்தலர் நூலை எழுதிய லூக்கா வேறு சொல்லைப் போடுகிறார், ஏனென்றால் யூதேயா இராயனின் நேரடிப் பொறுப்பில் இருந்தது. அகாயாவோ கிபி 15 முதல் 44 வரை இராயன் வசம் இருந்து, பிறகுதான் ஆட்சிமன்றத்துக்குத் திரும்பியது. லூக்கா சரியான காலத்துக்குச் சரியான பட்டத்தை எழுதியிருக்கிறார். தெல்பியில் கிடைத்த கல்வெட்டுத் துண்டுகளின்படி கல்லியோன் அங்கே இருந்தது ஏறக்குறைய கிபி 51-52. பவுலின் பயணங்களுக்கு ஆண்டு கணக்கிடுகிறவர்கள் இன்றும் இதைப் பிடித்துக்கொண்டுதான் கணக்கிடுகிறார்கள்.

பழைய ஏற்பாட்டில் மோதிரத்தைத் தேடுங்கள்

பழைய ஏற்பாட்டில் நியமனத்தின் அடையாளம் பெரும்பாலும் ஒரு மோதிரம். ஆதியாகமம் 41-இல் பார்வோன் தன் முத்திரை மோதிரத்தைக் கழற்றி யோசேப்பின் கையில் போடுகிறான். "சிங்காசனத்தில் மாத்திரம் உன்னிலும் நான் பெரியவனாய் இருப்பேன்" என்று எல்லையையும் சொல்லிவிடுகிறான். எஸ்தர் 3-இல் அகாஸ்வேரு தன் மோதிரத்தை ஆமானிடம் கொடுக்கிறான். 8-ஆம் அதிகாரத்தில் அதே மோதிரம் மொர்தெகாயின் கையில் இருக்கிறது. யூதரை அழிக்கப் பார்த்த ஆமானுடைய கொடுமை முழுவதும் கடன் வாங்கிய ஒரு மோதிரத்தால் நடந்தது. இந்த இரண்டு இடங்களையும் ஒரே நாளில் வாசிக்கச் சொல்லுங்கள், வகுப்பில் இருக்கும் சிறுவர்களுக்கும் புரிந்துவிடும்.

யோசேப்பை வாசிக்கும்போது 41-ஆம் அதிகாரத்தோடு நின்றுவிடக் கூடாது. 47-ஆம் அதிகாரத்தில் பஞ்சத்தில் தவித்த எகிப்தியர் ஆடுமாடுகளைக் கொடுத்தார்கள், பிறகு நிலத்தைக் கொடுத்தார்கள், கடைசியில் தாங்களே பார்வோனுக்கு அடிமைகள் ஆனார்கள். விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கு பார்வோனுக்கு என்று யோசேப்பு கட்டளையிட்டான். உயிர்களைக் காப்பாற்றினான் என்பது உண்மை. அந்த மக்களே அதற்கு நன்றி சொல்கிறார்கள். ஆனால் நல்ல மனிதன் கையிலும் அனுப்பியவனுடைய கணக்கே பெருகிக்கொண்டு போவதைப் பாருங்கள். பின்னாளில் யோசேப்பை அறியாத ஒரு ராஜா எழும்பினான், அப்போது இஸ்ரவேலரே அடிமைகள் ஆனார்கள். இந்த அதிகாரத்தை வகுப்பில் தவிர்க்க நினைக்கிறவர்கள் உண்டு. தவிர்க்காதீர்கள்.

நெகேமியாவுக்கு ஒரு முழு வாரம் கொடுங்கள். 2-ஆம் அதிகாரத்தில் அவன் பெர்சிய ராஜாவிடம் எதைக் கேட்கிறான் என்று எண்ணிப் பாருங்கள். நதிக்கு அப்புறத்துத் தேசாதிபதிகளுக்குக் கடிதங்கள் கேட்கிறான். வனக்காவலன் ஆசாபுக்கு மரம் கொடுக்கும்படி ஒரு கடிதம் கேட்கிறான். ஜெபிக்கிற மனிதன் ஆவணங்களையும் ஒழுங்காகக் கேட்டு வாங்குகிறான். பிறகு 5-ஆம் அதிகாரம். அர்தசஷ்டாவின் 20-ஆம் ஆண்டு முதல் 32-ஆம் ஆண்டு வரை, 12 ஆண்டுகள் அதிபதியாக இருந்தும் அதிபதிக்குரிய படியை அவன் வாங்கவில்லை. அவனுக்கு முன்னிருந்தவர்கள் அப்பமும் திராட்சரசமும் வாங்கினதோடு நாற்பது சேக்கல் வெள்ளியும் வாங்கினார்கள். அவனோ தினமும் ஒரு மாடும் தெரிந்தெடுத்த ஆறு ஆடுகளும் சமைத்து, தன் பந்தியில் 150 பேருக்குச் சாப்பாடு போட்டும் படியைக் கேட்கவில்லை. காரணத்தை அவனே எழுதுகிறான்: "நானோ தேவனுக்குப் பயந்ததினால் இப்படிச் செய்யவில்லை." நான்காவது பத்தியில் இதை எழுதுங்கள். பிலாத்துவின் பயத்துக்குப் பக்கத்தில் இந்தப் பயத்தை வைத்துப் பாருங்கள்.

அதே வசனத்தில் ஒரு சிறு சொல் இருக்கிறது, அலுவலகத்தில் வேலை செய்தவர்களுக்கு உறைக்கும்: முந்தின அதிபதிகளின் "வேலைக்காரர் முதலாய் ஜனங்கள்மேல் அதிகாரம் செலுத்தினார்கள்." அதிகாரியைப் பார்க்க வந்தவர்களை வாசலில் நிறுத்தி வைக்கும் உதவியாளர்களுக்கும் இந்த வசனத்தில் இடம் உண்டு.

எஸ்றா 5-இல் வரும் அதிபதி தத்னாயைச் சபைகளில் யாரும் பிரசங்கிப்பதில்லை. எனக்கு அவனைப் பிடிக்கும். ஆலயம் கட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு நேரில் வந்து, உங்களுக்கு யார் கட்டளையிட்டது என்று கேட்கிறான், பெயர்களை எழுதிக்கொள்கிறான். ஆனால் வேலையை நிறுத்தவில்லை. யூதர் சொன்ன பதிலைத் திரிக்காமல் அப்படியே தரியு ராஜாவுக்கு எழுதி, பழைய ஆவணத்தைத் தேடிப் பார்க்கும்படி கேட்கிறான். ஆவணம் கிடைக்கிறது, செலவையும் ராஜாவின் வருமானத்திலிருந்தே கொடுக்கும்படி உத்தரவு வருகிறது. விசுவாசி அல்லாத ஓர் அதிகாரி தன் வேலையை நேர்மையாகச் செய்தான், தேவனுடைய வீடு எழும்பியது.

இதே தாளை இன்றைக்குப் பயன்படுத்துங்கள்

இன்று மோதிரம் இல்லை, ஆனால் முத்திரை இருக்கிறது. இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 155-ஆவது பிரிவின்படி குடியரசுத் தலைவர் தம் கையொப்பமும் முத்திரையும் இட்ட ஆணையால் மாநில ஆளுநரை நியமிக்கிறார். 156-ஆவது பிரிவின்படி குடியரசுத் தலைவர் விரும்பும்வரை ஆளுநர் பதவியில் இருப்பார். பதவிக்காலம் 5 ஆண்டுகள். இந்த விருப்பத்தையும் தன்னிச்சையாகப் பயன்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்தது. அமெரிக்காவில் கூட்டாட்சி நீதிபதிகளைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார், செனட் ஒப்புதல் தருகிறது; ஆனால் நன்னடத்தை உள்ளவரை அவர்கள் பதவியில் இருப்பதால் நியமித்தவரால் நீக்க முடியாது. ஆஸ்திரேலியாவில் பிரதமர் விட்லமின் பரிந்துரையால் கவர்னர் ஜெனரலான ஜான் கெர், 1975 நவம்பர் 11 அன்று அந்தப் பிரதமரையே பதவி நீக்கம் செய்தார். அது சரியா தவறா என்று அந்த நாட்டில் இன்றும் வாதம் ஓயவில்லை.

இவர்களை உங்கள் தாளில் எழுதும்போது ஒரு வித்தியாசம் தெரியும். பிலாத்துவுக்கு மேலே இருந்த இராயனுக்கு மேலே, மனிதர் கண்ணுக்குத் தெரிந்தது எதுவும் இல்லை. இன்றோ நியமிக்கிறவருக்கும் நியமிக்கப்படுகிறவருக்கும் மேலே எழுதப்பட்ட ஒரு சட்டம் இருக்கிறது. இருவரும் அதன்மேல் உறுதிமொழி எடுக்கிறார்கள். ஆகவே உங்கள் நாட்டில் அந்தப் பதவிக்குரிய உறுதிமொழியைத் தேடி எடுத்து, ஒருமுறை முழுவதும் வாசியுங்கள். இந்திய ஆளுநர், அரசமைப்பையும் சட்டத்தையும் காப்பதாகவும் மாநில மக்களின் சேவைக்கும் நலனுக்கும் தம்மை அர்ப்பணிப்பதாகவும் உறுதி கூறுகிறார். வாசித்தவுடன் இரண்டாவது பத்தி நிரம்பிவிடும்.

இன்னொன்றும் உண்டு. உபாகமம் 1:13-இல் மோசே ஜனங்களைப் பார்த்து, ஞானமும் விவேகமும் உள்ளவர்களை நீங்களே தெரிந்துகொள்ளுங்கள், நான் அவர்களை அதிபதிகளாக ஏற்படுத்துவேன் என்கிறான். வாக்களிக்கிற நாடுகளில், நியமிக்கிறவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் நாம்தான். அப்படியானால் முதல் பத்தியில் நம் பெயரும் சிறிய எழுத்திலாவது இருக்க வேண்டும்.

ரோமர் 13-ஐ எங்கே வைப்பது?

"உண்டாயிருக்கிற அதிகாரங்கள் தேவனாலே நியமிக்கப்பட்டிருக்கிறது" என்ற வசனத்தை மட்டும் தனியே எடுத்துப் பயன்படுத்தாதீர்கள். நான்காம் வசனம் வரை போங்கள். அதிகாரி "உனக்கு நன்மை உண்டாகும்பொருட்டு" தேவஊழியக்காரனாக இருக்கிறான் என்று அங்கே எழுதியிருக்கிறது. முதல் வசனம் நியமன ஆணை என்றால் நான்காம் வசனம் பணி விவரம். பணி விவரத்தை விட்டுவிட்டு நியமன ஆணையை மட்டும் காட்டி ஜனங்களை அடக்கியவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள்; அதற்குச் சபையும் துணைபோன நாட்கள் உண்டு. இதை எழுத எனக்கு வேதனையாக இருக்கிறது.

அப்போஸ்தலர் 5:29 இதன் மறுபக்கம்: "மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப்பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியமாயிருக்கிறது." இரண்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ள முடியுமா என்று கேட்பவர்களுக்கு நான் சிமிர்னாவின் பேராயர் பொலிகார்ப்பைக் காட்டுவேன். இரண்டாம் நூற்றாண்டின் நடுவில், முதிர்ந்த வயதில், அவரை அரங்கத்தில் ரோம அதிபதிக்கு முன் நிறுத்தினார்கள். கிறிஸ்துவை மறுதலித்தால் விடுதலை என்றார்கள்; அவர் மறுத்தார். கூட்டத்தைச் சம்மதிக்கச் செய் என்று அதிபதி சொன்னான். அதற்கு அவர் சொன்ன பதிலின் கருத்து இது: உமக்கு நான் பதில் சொல்லக் கடமைப்பட்டவன், ஏனென்றால் தேவன் நியமித்த அதிகாரங்களுக்குரிய கனத்தைச் செலுத்தும்படி எங்களுக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. தன்னை எரிக்கப் போகிறவனுக்குக் கனத்தைக் கொடுத்தார். அவன் கேட்ட கீழ்ப்படிதலைக் கொடுக்கவில்லை. இந்த இடத்தை வகுப்பில் சொல்லும்போது என் குரல் தடுமாறும்.

மனு எழுதும்போது

அதிகாரியிடம் ஒரு காரியத்துக்காகப் போகிறவர்கள் முதலில் அப்போஸ்தலர் 24-ஐ வாசித்துவிட்டுப் போங்கள். அங்கே இரண்டு பேச்சுகள் அடுத்தடுத்து இருக்கின்றன. வழக்கறிஞன் தெர்த்துல்லு, "கனம்பொருந்திய பேலிக்ஸே" என்று தொடங்கி, உம்மாலே மிகுந்த சமாதான சுகத்தை அநுபவிக்கிறோம் என்று அடுக்குகிறான். பேலிக்ஸின் ஆட்சியில் கலகத்துக்கும் இரத்தத்துக்கும் குறைவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். பவுலும் மரியாதையோடுதான் தொடங்குகிறார். ஆனால் அவர் சொல்வது ஒரே ஓர் உண்மையை: நீர் அநேக வருஷமாய் இந்தத் தேசத்தாருக்கு நியாயாதிபதியாயிருக்கிறீர் என்று அறிந்திருக்கிறேன். பிறகு நாள் கணக்கு, இடம், நடந்தது. உங்கள் மனுவின் முதல் வரியைப் பவுலைப்போல் எழுதுங்கள். நான் தட்டச்சு செய்த ஆயிரக்கணக்கான பதில்களில், புகழ்ச்சியால் விரைந்து முடிந்த கோப்பு ஒன்றுகூட நினைவில் இல்லை. தேதியும் ஆவண எண்ணும் சரியாக இருந்த மனுக்களே நகர்ந்தன.

பேலிக்ஸ் பணம் எதிர்பார்த்துப் பவுலை அடிக்கடி அழைத்துப் பேசினான் என்று 26-ஆம் வசனம் சொல்கிறது. பவுல் கொடுக்கவில்லை, இரண்டு ஆண்டுகள் காவலில் இருந்தார். லஞ்சம் கொடுக்காதவருக்குக் காரியம் தாமதமாகும் என்பதை வேதம் மறைக்கவில்லை, நீங்களும் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள்.

பேலிக்ஸுக்குப் பதிலாகப் பெஸ்து வந்து, எருசலேமுக்குப் போகச் சம்மதமா என்று கேட்டபோது, சட்டம் தனக்குக் கொடுத்த உரிமையைப் பவுல் பயன்படுத்துகிறார்: "இராயனுக்கு அபயமிடுகிறேன்." மேல்முறையீடு செய்வது விசுவாசக் குறைவு என்று நினைக்கிறவர்கள் இந்த வசனத்தைக் கோடிட்டு வையுங்கள். அதன் பிறகு பெஸ்து படும் பாடு 25-ஆம் அதிகாரத்தின் கடைசியில் இருக்கிறது. கைதியை அனுப்ப வேண்டும், ஆனால் அவன்மேல் என்ன குற்றம் என்று எழுதுவது? மேலிடத்துக்கு அனுப்பும் அறிக்கையில் எழுத ஒன்றும் இல்லாமல் தவிக்கிறான். ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்குப் பிறகு பித்தினியாவின் அதிபதி பிளினி, கிறிஸ்தவர்களை என்ன செய்வது என்று இராயன் திராயானுக்கு எழுதிய கடிதத்திலும் அதே தவிப்புதான். பெயரில்லாத புகார்களை ஏற்கக் கூடாது என்று திராயான் பதில் எழுதினான். நீங்கள் மனு எழுதினால் அதில் உங்கள் பெயரைப் போடுங்கள்.

ஜெபிக்கும்போது

1 தீமோத்தேயு 2-இல் பவுல் ராஜாக்களுக்காகவும் "அதிகாரமுள்ள யாவருக்காகவும்" ஜெபிக்கச் சொல்கிறார். பல ஆண்டுகள் எங்கள் ஜெபக்குழுவில் 'அதிகாரிகளை ஆசீர்வதியும்' என்ற ஒற்றை வரியோடு முடித்துக்கொண்டிருந்தோம். ஒரு கடுமையான அதிகாரி வந்த ஆண்டில், அவர் மாற்றலாகிப் போக வேண்டும் என்று மட்டும் ஜெபித்தோம். போனார், வந்தவர் அவரைவிடக் கடுமையானவர். இப்போது தாளைப் பார்த்து ஜெபிக்கிறோம். ஒருவருடைய பதவியைச் சொல்லி, நான்காவது பத்தியில் என்ன எழுதினோமோ அதற்காக ஜெபிக்கிறோம்: ஆண்டவரே, தொலைபேசி அடிக்கும்போது இவர் உம்மை நினைக்கட்டும். பக்கத்தில் உட்கார்ந்து தட்டச்சு செய்கிறவர்களுக்காகவும் ஜெபியுங்கள். எனக்காக அப்போது யாராவது ஜெபித்திருந்தால் அன்று மாலை நான் ஒரு வார்த்தையாவது கேட்டிருப்பேன் என்று நினைக்கிறேன்.

நீங்களே நியமிக்கப்பட்டவராக இருந்தால்

பள்ளித் தலைமை, சபைப் பொருளாளர், துறைத் தலைவர் என்று யாரோ கையெழுத்திட்டு உங்களை ஒரு நாற்காலியில் அமர்த்தியிருந்தால், தாளில் உங்களுக்கும் ஒரு வரி போடுங்கள். முதல் நாள் வாசிக்க 2 நாளாகமம் 19:6 இருக்கிறது. யோசபாத் தான் நியமித்த நியாயாதிபதிகளிடம், நீங்கள் மனுஷனுடைய கட்டளையினால் அல்ல, கர்த்தருடைய கட்டளையினால் நியாயம் விசாரிக்கிறீர்கள் என்று சொல்கிறான். தான் நியமித்தவர்களிடம் தன்னைவிட மேலான ஒருவரைக் காட்டிய ராஜா அவன். இரண்டாவது நாள் ஏசாயா 22. அரண்மனை விசாரிப்புக்காரன் செப்னா, உயரமான இடத்தில் தனக்குக் கல்லறை வெட்டிக்கொண்டிருந்தபோது அவனுடைய பதவி எலியாக்கீமுக்குப் போய்விட்டது.

வருகிற புதன்கிழமை எங்கள் வகுப்பு ஆகாய் 2:23-க்குப் போகிறது. பெர்சிய ராஜாவின் கீழே யூதாவில் தலைவனாக இருந்த செருபாபேலைப் பார்த்து, "உன்னை முத்திரை மோதிரமாக வைப்பேன், நான் உன்னைத் தெரிந்துகொண்டேன்" என்று கர்த்தர் சொல்லும் இடம் அது. நோட்டும் பென்சிலும் கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். முதல் பத்தியில் யார் பெயரை எழுதுவார்கள் என்று பார்க்க வேண்டும்.